மோரிப் கடற்கரைக்கு ஒரு பழைய லேண்ட் ரோவர்: நிகழ்வு ஆய்வு

பின்னணி

மலேசியாவின் சிலாங்கூர் மாநிலத்தில் உள்ள பந்திங் பட்டணத்தைச் சுற்றி ஒரு காலத்தில் கித்தா எனப்படும் ரப்பர்க் காடுகள் இருந்தன. இன்று பெரும்பகுதி செம்பனை, அதாவது எண்ணெய்ப் பனை. இந்த நிகழ்வுக்குரிய குடும்பம் அங்குள்ள தோட்டம் ஒன்றில் மூன்று தலைமுறை வேலை செய்துவிட்டு, லயத்தை (தொழிலாளர் வரிசை வீடுகளை) விட்டுப் பட்டணத்துத் தாமானுக்கு (குடியிருப்புப் பகுதிக்கு) குடிவந்தது. பெரியவருக்கு அப்போது அறுபத்தெட்டு வயது. தோட்டத்தில் இருபது வருடம் ஓட்டுநராக இருந்தவர், அதில் பெரும்பகுதி துரையின் லேண்ட் ரோவரை ஓட்டியவர்.

அந்த வண்டியே 2022 மார்ச்சில் திரும்ப அவர் கண்ணில் பட்டது. 1977இல் பதிவான சீரிஸ் 3 ரகம், குட்டைச் சட்டம், 2,286 சிசி பெட்ரோல் இன்ஜின். தோட்டம் ஏலத்தில் விட்ட பிறகு ஒரு சிறுதோட்டக்காரர் அதில் செம்பனைக் குலை ஏற்றியிருக்கிறார். பிறகு தகரக் கொட்டகைக்குள் பல வருடம் சும்மா நின்றிருக்கிறது. மூத்த மகன் 8,000 வெள்ளிக்கு (மலேசிய ரிங்கிட்) அதை வாங்கினார். பேரப்பிள்ளைகளை ஏற்றிக்கொண்டு ஞாயிற்றுக்கிழமைகளில் மோரிப் கடற்கரைக்குப் போக வேண்டும், பாய், சோற்றுப்பானை, தூண்டில் எல்லாம் பின்னால் கிடக்க வேண்டும் என்பது எண்ணம். மோரிப் அரை மணி நேர ஓட்டம்தான்.

நான் அதே தோட்டத்துப் பட்டறையில் ஃபோர்மேனாக இருந்து ஓய்வு பெற்றவன். மேற்பார்வை பார்க்கச் சொல்லி என்னை அழைத்தார்கள். ஆகவே கீழே வரும் தவறுகளில் என் பங்கும் இருக்கிறது. அதை அந்தந்த இடத்தில் குறித்திருக்கிறேன்.

முதல் நாள் பார்த்தவை

தூரத்திலிருந்து பார்த்தால் வண்டி நன்றாகவே இருந்தது. பச்சை மங்கியிருந்ததே தவிர, உடலில் துருவே இல்லை. அதற்குக் காரணம் வேறு. லேண்ட் ரோவர் 1948இல் வெளிவந்தபோது, போருக்குப் பிந்திய பிரிட்டனில் எஃகுக்குக் கடும் தட்டுப்பாடு. அதனால் உடல் தகடுகளை அலுமினியக் கலவையில் செய்தார்கள், பிறகும் அந்த வழக்கத்தை விடவில்லை. அலுமினியம் சிவப்பாகத் துருப்பிடிக்காது. ஆனால் அந்த உடலைச் சுமக்கிற சேசிஸ் இரும்பு. தகடுகளைப் பெட்டி வடிவில் பற்றவைத்த குழல் அது. ஓட்டைகள் வழியே உள்ளே போகிற சேறு எளிதில் வெளியே வராது. வெளியில் சாயம் இருக்கும், உள்ளே ஈரம் தின்றுகொண்டிருக்கும்.

சிறு சுத்தியலை எடுத்துக்கொண்டு அடியில் படுத்தேன். முன்பக்கத்திலிருந்து ஒரு சாண் இடைவெளியில் தட்டிக்கொண்டே வந்தேன். இன்ஜினுக்குக் கீழே 'டங்' என்று சுத்தமாக ஒலித்தது. கியர்ப்பெட்டியைத் தாண்டியதும் ஒலி தடித்தது. பின் ஸ்பிரிங் தாங்கிக்கு மேலே வந்தபோது, ஊறிய பலகையைத் தட்டுவதுபோல் 'தப்' என்றது. திருப்புளியை வைத்து அழுத்தினேன், கைப்பிடி வரை உள்ளே போய்விட்டது. வெளியே இழுத்தபோது துருச் செதிலும் செம்மண் தூளும் செம்பனை நாரும் என் முகத்தில் கொட்டின. அந்த நார் அங்கே வந்து எத்தனை வருடமோ. பின் குறுக்குச் சட்டமும் அதே கதி.

ஓட்டுநர் கால் வைக்கும் தட்டில், ரப்பர் பாயைத் தூக்கினால் தரை தெரிந்தது. கதவுகளின் அடியில், அலுமினியத் தோலும் உள்ளேயிருக்கிற இரும்புச் சட்டமும் ஒட்டுகிற இடத்தில் வெள்ளைப் பொடி பூத்திருந்தது. இரண்டு உலோகங்கள் தொட்டுக்கொண்டு ஈரத்தில் இருந்தால் அலுமினியம்தான் கரையும். உப்பு சேர்ந்தால் இன்னும் வேகமாகக் கரையும். கடற்கரைக்குப் போகப்போகிற வண்டியில் நான் முதலில் கவலைப்பட்டிருக்க வேண்டியது அந்தப் பொடியைப் பற்றித்தான்.

இன்ஜினில் நான்கு சிலிண்டர்களின் அழுத்தத்தையும் அளந்தோம். மூன்றில் சதுர அங்குலத்துக்கு 125 முதல் 130 பவுண்டு, நான்காவதில் 75. வெளியேற்று வால்வு எரிந்திருந்தது. பிரேக் சிலிண்டர்கள் இறுகிக் கிடந்தன. முன் சக்கர மையங்களில், கையால் திருப்பிப் பூட்டுகிற ஹப் இரண்டு பொருத்தப்பட்டிருந்தன. தோட்டத்தில் இருந்தபோது அவை கிடையாது, சிறுதோட்டக்காரர் மாட்டியிருக்க வேண்டும். திறந்த நிலையில் வைத்தால் சாதாரணச் சாலையில் முன் அச்சு வீணாகச் சுழலாது, பெட்ரோல் சற்று மிச்சமாகும். பூட்டினால்தான் முன் சக்கரங்களுக்கு இன்ஜின் விசை போகும். இதைக் குறிப்பேட்டில் எழுதிக்கொண்டேன். எழுதியதோடு சரி, வீட்டாரிடம் சொல்லவில்லை.

முதல் முடிவு: இன்ஜினும் சாயமும்

சேசிஸ்தான் முதலில் என்று சொன்னேன். ஆனால் அழுத்திச் சொல்லவில்லை. மகன் 10,000 வெள்ளி ஒதுக்கியிருந்தார். தீபாவளிக்கு முன் வண்டி ஓட வேண்டும் என்பது பெரியவரின் ஆசை. "தம்பி, அந்தச் சத்தத்தை ஒருமுறை கேட்டால் போதும்" என்றார். சேசிஸில் கை வைத்தால் உடலைக் கழற்ற வேண்டும், ஆறு மாதம் ஆகும், கையில் காட்ட எதுவும் இருக்காது. இன்ஜினைச் செய்தால் அடுத்த வாரமே உறுமும்.

அழுகிய இடத்தின்மேல் இரும்புப் பட்டை வைத்துப் பற்றவைத்தால் போதும் என்று பெரியவர் சொன்னார். தோட்டத்தில் அப்படித்தான் செய்வோம், அது உண்மை. ஆனால் அங்கே வண்டி உப்புத் தண்ணீரைப் பார்த்ததில்லை, அடுத்த பட்டை வைக்கப் பட்டறையும் பக்கத்திலேயே இருந்தது. இந்த வேறுபாட்டை அன்றைக்கு நான் எடுத்துச் சொல்லியிருக்க வேண்டும்.

ஆகஸ்ட் முதல் அக்டோபர் வரை வேலை நடந்தது. சிலிண்டர் ஹெட், வால்வுகள் 2,800 வெள்ளி. பிரேக்கும் டயர்களும் 2,700. சாயம் 4,500. சேசிஸ் பட்டைகளுக்கு வெறும் 600. மொத்தம் 10,600. இதை இன்று எழுதிப் பார்க்கும்போதே எங்கே கோணல் என்று தெரிகிறது. சாயத்துக்குக் கொடுத்ததில் ஏழில் ஒரு பங்குகூட, வண்டியைத் தாங்குகிற சட்டத்துக்குக் கொடுக்கவில்லை.

சாலை வரியும் காப்புறுதியும் எடுத்தாயிற்று. தீபாவளியன்று காலை, எண்ணெய் தேய்த்துக் குளித்த ஈரத் தலையோடு பெரியவர் சாவியைத் திருப்பினார். ஓடியது. அரை மணி நேரம் இறங்கவே இல்லை.

மோரிப், தீபாவளிக்கு மூன்றாம் நாள்

2022இல் தீபாவளி அக்டோபர் 24. மூன்றாம் நாள் குடும்பமே மோரிப்புக்குப் புறப்பட்டது. லேண்ட் ரோவரில் பெரியவர், மகன், பேரப்பிள்ளைகள் மூவர். பின்னால் மகள் குடும்பம் 'மைவி' என்ற சிறு காரில்.

தீபாவளி அமாவாசையை ஒட்டி வருவது. அமாவாசைக்கும் பௌர்ணமிக்கும் அடுத்த ஓரிரு நாள்களில் கடலின் ஏற்றமும் வற்றலும் மிகப் பெரிதாக இருக்கும். மலாக்கா நீரிணையின் இந்தப் பக்கத்தில் அந்த நாள்களில் நீர்மட்ட வேறுபாடு நான்கு மீட்டரைத் தாண்டும். மோரிப் கடற்கரையோ தட்டையானது. நீர் வற்றும்போது நெடுந்தொலைவு போய்விடும். கரையோரத்தில் மணல் கெட்டியாகத் தெரியும், சற்றுத் தள்ளினால் மணல் தோலுக்குக் கீழே சேறு. திரும்பி ஏறும்போது, பார்த்துக்கொண்டிருந்தால் தெரியாது.

இதே கரையில் 1945 செப்டம்பர் 9 அன்று 'ஆப்பரேஷன் ஸிப்பர்' என்ற பெயரில் பிரிட்டிஷ் இந்தியப் படை தரையிறங்கியது. ஜப்பான் ஏற்கெனவே சரணடைந்திருந்ததால் எதிர்ப்பு இல்லை. ஆனால் வண்டிகள் ஏராளமாகச் சேற்றில் சிக்கின. மோரிப்பில் நினைவுக் கல் இருக்கிறது. நாங்கள் எல்லாரும் அதன் பக்கத்தில் நின்று படம் எடுத்துக்கொண்டவர்கள்தான்.

அன்று நான் உடன் போகவில்லை. நடந்ததை மகனும் மருமகளும் தனித்தனியாகச் சொன்னதிலிருந்து எழுதுகிறேன். மாலை நான்கு மணியளவில், படகு இறக்கும் சரிவு வழியாக வண்டியை மணலில் இறக்கியிருக்கிறார்கள். அங்கே இறக்கலாமா என்று யாரையும் கேட்கவில்லை. ஐம்பது மீட்டர் நன்றாகப் போயிற்று. படம் எடுப்பதற்காக நிறுத்தினார்கள். மீண்டும் நகர்த்தியபோது பின் சக்கரங்கள் சுழன்று புதைந்தன.

மகன் சிவப்புக் குமிழ்த் தடியைப் பின்னுக்கு இழுத்தார். இந்த வண்டியில் மஞ்சள் குமிழை அழுத்தினால் நான்கு சக்கர இயக்கம், சிவப்பை இழுத்தால் குறைந்த வேகப் பல்லும் நான்கு சக்கர இயக்கமும் சேர்ந்தே வரும். பல் விழுந்த சத்தம் கேட்டது. இன்ஜின் முழங்கியது. வண்டி நகரவில்லை. பெரியவர் தாமே ஓட்டிப் பார்த்தார். பல வருடம் செம்மண் சேற்றில் இதே வண்டியை ஓட்டியவர், ஒருமுறைகூட இப்படி மாட்டிக்கொண்டதில்லை. மேலும் மிதித்தார், பின் அச்சு மணலில் உட்கார்ந்தது. பிள்ளைகளை மருமகள் இறக்கிக் கரைக்கு அழைத்துப் போனார். அன்று எடுத்த முடிவுகளில் சரியானது அது ஒன்றுதான்.

நீர் ஏறத் தொடங்கிவிட்டது. வலை உலர்த்திக்கொண்டிருந்த கம்பத்து (கிராமத்து) மீனவர் ஒருவர் வந்து சிறிது நேரம் பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு முன் டயர் சுற்றவே இல்லையே என்று மலாயில் கேட்டார். குனிந்து, முன் சக்கர மையத்தில் அப்பியிருந்த சேற்றைக் கட்டைவிரலால் வழித்தார். வட்டத் திருகு தெரிந்தது. திருப்பினார். கிளிக்.

அடுத்த சக்கரத்துக்கும் அப்படியே. டயரில் 30 பவுண்டு இருந்த காற்றை, பாதிக்கும் கீழே டயர் பிதுங்கித் தட்டையாகும் வரை இறக்கச் சொன்னார். படகுப் பலகை இரண்டைப் பின் சக்கரத்துக்கு முன்னால் செருகினார்கள். அதற்குள் தண்ணீர் ஹப்பைத் தொட்டு, பின் அச்சின் குடத்தை மூடியிருந்தது. நான்காம் முயற்சியில் வண்டி ஏறி வந்தது.

மகன் பணம் நீட்டியபோது மீனவர் வாங்கவில்லை. மைவியிலிருந்த முறுக்கு டின்னை மருமகள் கொடுத்தபோது வாங்கிக்கொண்டார்.

அடுத்த மூன்று மாதம்

வீட்டுக்கு வந்து வெளிப்புறத்தை நன்றாகக் கழுவினார்கள், துடைத்தார்கள். மின்னியது. சேசிஸ் குழலுக்குள் யாரும் தண்ணீர் விடவில்லை. எனக்குச் செய்தி வந்தது இரண்டு வாரம் கழித்து. சொல்ல வெட்கப்பட்டிருக்கிறார்கள்.

பின் அச்சின் எண்ணெயை இறக்கிப் பார்த்தேன். தே தாரிக் (பால் தேநீர்) நிறத்தில் வந்தது. ஓடிச் சூடான அச்சு குளிர்ந்த நீரில் மூழ்கினால் உள்ளிருக்கும் காற்று சுருங்கும், சீல் வழியாகவும் காற்றுத் துளை வழியாகவும் நீரை உறிஞ்சிக்கொள்ளும். இரண்டு வாரம் உப்புநீரில் ஊறிய பேரிங்குகளில் புள்ளி புள்ளியாகத் துரு ஏறியிருந்தது.

டிசம்பரில் கதவு ஓரங்களில் புதுச் சாயம் கொப்புளம் போட்டது. குத்திப் பார்த்தால் வெள்ளைப் பொடி. ஜனவரி கடைசியில் பின் இடது பக்கம் வண்டி சாய்ந்து நிற்பதாகப் பெரியவர் கண்டுபிடித்தார். வேறு யாருக்கும் தெரிந்திராது, இரண்டு விரல் அளவுதான். ஸ்பிரிங் தாங்கிக்குப் பக்கத்தில் நாங்கள் வைத்த பட்டை அப்படியே இருந்தது. அதைச் சுற்றியிருந்த பழைய இரும்பு கிழிந்திருந்தது. தடித்த புதுப் பட்டையை மெலிந்த பழைய தகட்டில் பற்றவைத்தால் பாரம் முழுவதும் அந்த விளிம்பில் விழும். எனக்குத் தெரியாத விஷயமல்ல இது.

அன்றே வண்டியை நிறுத்தினோம்.

இரண்டாம் முடிவு

மூன்று வழிகள் இருந்தன. விற்றுவிடலாம் என்றார் மகள். பேரப்பிள்ளைகள் மூவரில் இருவர் அவருடையவர்கள், கோபத்துக்கு நியாயம் இருந்தது. இங்கிலாந்திலிருந்து துத்தநாகம் பூசிய புதுச் சேசிஸ் வரவழைக்கலாம், இந்த ரகத்துக்கு இன்னும் செய்கிறார்கள். ஆனால் விலையும் கப்பல் செலவும் சேர்ந்தால் எட்டாது. அதைவிட முக்கியம், பதிவில் உள்ள சேசிஸ் எண் பழைய சேசிஸின் முன்பகுதியில்தான் பொறிக்கப்பட்டிருக்கிறது. அதை மாற்றினால் ஆவணங்களுக்கு அலைய வேண்டும். மூன்றாவது, எண் உள்ள நல்ல முன்பகுதியை வைத்துக்கொண்டு, அழுகிய பின்பகுதியை வெட்டிவிட்டுப் புதிதாகக் கட்டுவது.

மூன்றாவதையே தேர்ந்தோம். மகள் இரண்டு நிபந்தனை போட்டார். வண்டி இனி மணலில் இறங்கக் கூடாது. பின்னால் பக்கவாட்டில் பார்த்திருக்கும் பெஞ்சில் பிள்ளைகள் உட்காரக் கூடாது. இங்கே பின்னிருக்கைப் பாதுகாப்புப் பட்டை 2009இலிருந்தும் குழந்தை இருக்கை 2020இலிருந்தும் சட்டமாகிவிட்டன. அந்தப் பெஞ்சில் குழந்தை இருக்கையை ஒழுங்காகக் கட்ட வழியில்லை. பெரியவர் பதில் பேசவில்லை. அடுத்த நாள் காலை ஸ்பேனர் பெட்டியோடு என் வீட்டு வாசலில் நின்றார்.

உடலைக் கழற்ற ஆறு வாரம். இரும்பு போல்ட்டுகள் அலுமினியத்தோடு ஒன்றிப் போயிருந்தன, பாதிக்கு மேல் அறுத்தே எடுத்தோம். வெட்டுவதற்கு முன் சேசிஸைக் கனத்த இரும்புச் சட்டங்களோடு சேர்த்துத் தரையில் இறுக்கினோம். ஒரு மூலையிலிருந்து எதிர் மூலைக்கு நூல் பிடித்து அளந்தோம். பெரியவர் ஒரு முனை, நான் ஒரு முனை. கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, கழற்றிவிட்டு, மீண்டும் போட்டுக்கொண்டு, ஒவ்வொரு அளவையும் மும்முறை பார்த்தார். புதுப் பகுதிக்கு 3 மில்லிமீட்டர் தகடு, பழையதைவிடத் தடிப்பு. அது மட்டும் போதாது என்று, தண்ணீர் வடிய அடியில் துளைகளும், கழுவுகிற குழாய் நுழையப் பக்கத்தில் துளைகளும் வைத்தோம்.

பிறகு கிள்ளான் பக்கம் ஒரு ஆலையில் துத்தநாகக் குளியல். ஏறத்தாழ 450 பாகை சூட்டில் உருகிய துத்தநாகத்தில் முழுச் சட்டத்தையும் முக்கி எடுப்பார்கள். குழலுக்குள்ளும் துத்தநாகம் முழுவதும் போகிற வழி இது. மூடிய அறை எங்காவது இருந்து, உள்ளே ஈரம் நின்றால் அந்தச் சூட்டில் வெடிக்கும். ஆகவே துளைகளை ஆலைக்காரர்கள் ஒவ்வொன்றாகக் கம்பி விட்டுப் பார்த்தார்கள், இரண்டு இடத்தில் இன்னும் துளைக்கச் சொன்னார்கள். மெல்லிய பழைய தகடு முறுக்கிக்கொள்ளுமோ என்று எனக்கு உள்ளூரப் பயம். வந்ததும் நூல் பிடித்தோம். மூலைக்கு மூலை வேறுபாடு 3 மில்லிமீட்டர். உடலைப் பூட்டும்போது சரிக்கட்டிக்கொள்ளக்கூடிய அளவு.

உடலும் சேசிஸும் தொடுகிற இடமெல்லாம் ரப்பர் பட்டை. போல்ட்டுகளுக்குத் துத்தநாகப் பூச்சும் நைலான் வளையமும் கிரீஸும். எவர்சில்வர் போல்ட் போட்டால் துருவே வராது என்று பலர் சொன்னார்கள். போல்ட்டுக்கு வராது, அதைச் சுற்றியுள்ள அலுமினியம் பொடியாகும். அச்சுகளின் காற்றுத் துளைகளுக்குக் குழாய் பொருத்தி இன்ஜின் அறை உயரத்துக்குக் கொண்டுபோனோம். ஹப் திருகுகளுக்குச் சிவப்புச் சாயத்தில் அம்புக்குறி. அதைத் திருப்பும் முறையை வீட்டில் ஓட்டும் எல்லாருக்கும் செய்து காட்டினேன், மருமகளையும் மகளையும் சேர்த்து.

விளைவு

2023 டிசம்பரில் வண்டி மீண்டும் சாலைக்கு வந்தது. இரண்டாம் கட்டச் செலவு 13,200 வெள்ளி. வாங்கிய விலையோடு சேர்த்து மொத்தம் 31,800. சேசிஸிலிருந்து தொடங்கியிருந்தால் பட்டைகள், இரண்டாம் சாயம், உப்புநீர் தின்ற பேரிங்குகள் என்று 5,000 வெள்ளிக்கு மேல் மிச்சமாகியிருக்கும்.

மாதம் இருமுறை மோரிப் போகிறது. கரையோரச் சவுக்கு மர நிழலில், புல்தரையில் நிற்கிறது. பாய், பானை, மடக்கு நாற்காலி அதில், பிள்ளைகள் மைவியில். கடற்காற்றே உப்பைக் கொண்டுவரும் என்பதால், மணலில் இறங்காவிட்டாலும் அன்று மாலையே சேசிஸ் துளைகளுக்குள் குழாய் விட்டு, வடிகிற நீர் தெளியும் வரை கழுவுகிறார்கள். ஹப் பக்கம் வேகமாகப் பீய்ச்சுவதில்லை, சீலைத் தாண்டிப் போய்விடும். ஆறு மாதத்துக்கு ஒருமுறை அச்சு எண்ணெயைச் சொட்டு இறக்கி நிறம் பார்க்கிறோம். இதுவரை தேன் நிறம்.

இன்று செய்தால் மாற்றுவன

சுத்தியல் பரிசோதனையை விலை பேசுவதற்கு முன்பே செய்திருப்பேன். அந்தத் 'தப்' சத்தம் 8,000 வெள்ளியை 5,000 ஆக்கியிருக்கும்.

வண்டிக்கு என்ன வேண்டும் என்று பார்ப்பதற்கு முன் வீட்டாருக்கு என்ன வேண்டும் என்று எல்லாரையும் கேட்டிருப்பேன். நாங்கள் கேட்டது பெரியவரையும் மகனையும் மட்டும். மகள் போட்ட இரண்டு நிபந்தனையும் முதல் நாளே அவர் மனத்தில் இருந்தவை, கேட்பாரில்லை. கேட்டிருந்தால் டயர்களுக்குக் கொடுத்த பணத்தில் ஒரு பகுதி சேசிஸுக்குப் போயிருக்கும்.

பெரியவரின் அவசரத்துக்கு வேறு வழி இருந்தது. வால்வை மட்டும் மாற்றி, வண்டியைக் கொட்டகையிலேயே நிறுத்தி இயக்கிக் காட்டியிருக்கலாம். அவர் கேட்டது சத்தத்தைத்தான். சாயமும் சாலையும் நாங்களாகச் சேர்த்துக்கொண்டவை.

குறிப்பேட்டை இப்போது வண்டிக்குள்ளேயே, ஓட்டுநர் இருக்கைக்கு அடியில் வைத்திருக்கிறோம். முதல் பக்கத்தில் ஹப் பற்றிய வரி என் கையெழுத்தில் இருக்கிறது. அதன் கீழே, அந்த மாத ஏற்ற வற்ற நேரங்களைப் பெரியவர் பென்சிலில் எழுதுகிறார். மணலில் இறங்குவதே இல்லையே, எதற்கு என்று ஒருநாள் கேட்டேன். தூண்டில் போடுவதற்கு என்றார்.